நர்சம்மாவின் பதக்கங்கள்

ஆம்பூரைத் தாண்டி பெங்களூர் ஹைவேயை ஒட்டி இருக்கிற அந்த ஷூ கம்பெனியில் கலையரசியை எல்லாரும் நர்சம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். ஸ்டிச்சிங் பெண்களுக்கு மட்டும் அவள் அக்கா. தலைவலி என்று முதலுதவி ரூமுக்குப் போனால், "காலைல சாப்டியா இல்லையா, உண்மையச் சொல்லு" என்பதுதான் அவளுடைய முதல் மருந்து. உள்ளே ஒரு பெண் உட்கார்ந்திருக்கும்போது லைன் சூப்பர்வைசர் வந்து "இன்னும் எவ்ளோ நேரம்?" என்று எட்டிப் பார்த்தால், "நான் அனுப்பும்போது வருவா, நீங்க போங்க" என்று தலை நிமிராமல் சொல்லுவாள். சத்தமே போடமாட்டாள். ஆனாலும் வந்தவர் திரும்பிப் போய்விடுவார். எதற்குத் திரும்பினோம் என்று பாதி வழியில் யோசிப்பார்.

அந்தக் குரல் எங்கே பழகியது என்று கம்பெனியில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும். அவர் கேட்டில் இருக்கிற செக்யூரிட்டி சூப்பர்வைசர் பச்சையப்பன். மெட்ராஸ் ரெஜிமெண்டில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். கலையரசி வேலைக்குச் சேர்ந்த அன்று அடையாள அட்டை கேட்டார். அவள் பையில் கையை விட்டவள், பழக்க தோஷத்தில் ராணுவத்தில் கொடுத்த அட்டையை நீட்டிவிட்டாள். பச்சையப்பன் அதைப் படித்தார். நாற்காலியில் இருந்து எழுந்தார். முதுகு நிமிர்ந்தது, குதிகால் ஒட்டியது, கை நெற்றிக்குப் போனது.

"ஜெய் ஹிந்த் மேடம்!"

பின்னால் வரிசையில் நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். கலையரசிக்குக் கூச்சமாகிவிட்டது.

"ஜெய் ஹிந்த். ஆனா இங்க இதெல்லாம் வேணாம் பச்சையப்பன். நமக்குள்ளயே இருக்கட்டும்."

"சரி மேடம்," என்றார் அவர். சொன்னபடி வாயைத் திறக்கவில்லை.

கலையரசி குடியாத்தத்தில் லுங்கி நெய்கிற குடும்பத்துப் பெண். வேலூரில் நர்சிங் படித்து முடித்ததும் ராணுவ நர்சிங் பிரிவுக்கு விண்ணப்பம் போட்டாள். "நம்ம வம்சத்துக்குத் தறியில நாடா ஓட்டத்தான் தெரியும், டாங்கி ஓட்டத் தெரியாதே" என்றார் அப்பா கிருஷ்ணராஜ். "நானும் ஊசிதான்பா போடப்போறேன்" என்று சொல்லிவிட்டு ரயில் ஏறினாள். லெப்டினெண்டாக ஆரம்பித்து, கேப்டனாகி, கடைசியில் மேஜராக வெளியே வந்தாள். நடுவில் லடாக்கில் லே என்ற ஊரில் இருந்த ஆஸ்பத்திரியில் பனியில் விரல் கறுத்து வந்த பையன்களைப் பார்த்துக்கொண்டாள். ஐக்கிய நாடுகள் படையோடு காங்கோவுக்குப் போய், மொழி தெரியாத தாய்மார்களுக்குப் பிரசவம் பார்த்தாள். பனிச்சரிவில் சிக்கின ஒரு பிரிவையே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தபோது, டாக்டர்கள் ஆபரேஷன் தியேட்டரை விட்டு வெளியே வர முடியாத நிலையில், வார்டு முழுவதையும் தன் பொறுப்பில் வைத்திருந்தாள். அதற்குத்தான் ராணுவத் தளபதியின் பாராட்டுப் பத்திரமும் பேட்ஜும் கிடைத்தன.

பணிக்காலம் முடிந்து ஊருக்குத் திரும்பிய புதிதில் ஒரு சொந்தக்காரர் கல்யாணத்தில் இந்தப் பேச்சு வந்தது. கணவர் பார்த்திபன் பெருமையாக மெடல் விஷயத்தைச் சொன்னார். பந்தியில் பக்கத்தில் இருந்த ஒருவர், "நர்சுக்கு இன்னாத்துக்கு மெடலு? வலிக்காம ஊசி போட்டதுக்கா?" என்றார். வரிசையே சிரித்தது. கலையரசியும் கூடச் சிரித்தாள். வீட்டுக்கு வந்து பதக்கப் பெட்டியை எடுத்து, பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் வைத்தாள். வருத்தத்தில் வைத்ததாக அவள் நினைக்கவில்லை. நாம செஞ்சது நமக்குத் தெரியும், இவங்களுக்கு விளக்கிச் சொல்லிட்டு இருக்க நமக்கு நேரம் இல்ல என்று நினைத்தாள். பிறகு இந்த வேலைக்கு வந்தாள்.

விஷயம் வெளியே வந்தது சுதந்திர தினத்தால். கொடியேற்ற வருவதாகச் சொன்ன விருந்தினர் கடைசியில் வரவில்லை என்றார். கம்பெனியின் ஜெனரல் மேனேஜர் சமீருல்லா, முதலாளியின் மகன், நல்ல சுறுசுறுப்பான பேர்வழி. என்ன செய்யலாம் என்று ஆபீஸ் ரூமில் கையைப் பிசைந்துகொண்டிருந்தார். எதிரில் நின்ற பச்சையப்பனுக்கு அதற்கு மேல் அடக்க முடியவில்லை.

"மேஜரையே வீட்டுக்குள்ள வெச்சிக்கிட்டு வெளிய தேடறீங்களே சார்."

சமீருல்லா கலையரசியைக் கூப்பிட்டு அனுப்பினார். அவர் முகத்தில் ஆச்சரியமும் கொஞ்சம் கோபமும் இருந்தன.

"மேடம், இத்தனை நாளா சொல்லவே இல்லையே! உங்க பயோடேட்டாவுல ராணுவ ஆஸ்பத்திரின்னு பார்த்தேன். சிவிலியன் ஸ்டாஃப்புன்னு நெனைச்சிட்டேன்."

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேன் சார்."

கொடியேற்ற அவள் ஒத்துக்கொள்ளவில்லை. கட்டிங் செக்ஷனில் எல்லாருக்கும் மூத்தவர் ஒருவர் இருந்தார், அவரை ஏற்றச் சொன்னாள். அவர் ஏற்றினார். அத்தோடு முடிந்தது என்று நினைத்தால், சமீருல்லா விடவில்லை. அடுத்த மாதம் ஜெர்மனியில் இருந்து ஷூ வாங்குகிற பையர்கள் வருகிறார்கள். ரிசப்ஷனில் கண்ணாடி அலமாரி இருக்கிறது. அதில் அவளுடைய பதக்கங்களை வைத்தால் கம்பெனிக்கே ஒரு கௌரவம் என்றார். மரியாதையாகத்தான் கேட்டார். "யோசிச்சு சொல்றேன் சார்" என்றாள்.

அன்று சாயங்காலம் வீட்டில் பார்த்திபனிடம் சொன்னாள். அவர் தறிக் கொட்டகையில் இருந்து அப்போதுதான் வந்து, சட்டையில் ஒட்டியிருந்த நூல் தூசியைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"வெச்சா இன்னா கலை? யாருதுனா எடுத்து வெக்கறியா? நீ சம்பாரிச்சதுதானே."

"அதுக்கில்லைங்க. அந்த ரிசப்ஷன் பக்கம் ஒரு லேபர்கூட வரமாட்டாங்க. சோபாவுல வந்து ஒக்கார்றவங்க பார்த்துட்டு, நைஸ் நைஸ்னு சொல்லிட்டு, ஷூ விலையப் பேசப் போய்டுவாங்க. அதுக்கா நான் அங்க குளிர்ல நின்னேன்?"

"அப்போ உன் ரூம்ல வெய்யி."

"என் ரூமுக்கு வர்றதுங்க எதுக்கு வருதுன்னு உங்களுக்குத் தெரியாது. புருஷன் அடிச்சத தலைவலின்னு சொல்லும். நாள் தள்ளிப் போனத வயித்து வலின்னு சொல்லும். கொஞ்ச நேரம் சும்மா ஒக்காந்தாதான் நெஜம் வரும். செவுத்துல நாலு மெடலத் தொங்கவிட்டா எதுவும் வாயத் தொறக்காது."

பார்த்திபன் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார். பிறகு, "இது எல்லாம் சரி. அந்தக் கல்யாணப் பந்திய மனசுல வெச்சிக்கினு சொல்லலையே?" என்று கேட்டார்.

கலையரசி அடுப்படிக்குப் போய் அரிசி களைய ஆரம்பித்தாள்.  மறுநாள் சமீருல்லாவிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அவர் கண்ணாடி அலமாரியில் பழைய ஏற்றுமதி விருதுகளையே துடைத்து வைத்தார்.

ஐப்பசி மழை பிடித்த நேரத்தில்தான் அந்த விபத்து நடந்தது.

ஷூ கம்பெனிக்குப் பின்னால் அதே முதலாளியின் டேனரி இருக்கிறது. தோல் ஊறப்போட்ட தண்ணீர், சுண்ணாம்புத் தண்ணீர் எல்லாம் ஒரு பெரிய தரைத் தொட்டிக்கு வந்து, அங்கிருந்து பம்பு மூலம் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும். மழையில் எதையோ இழுத்துக்கொண்டு வந்து பம்பு அடைத்துக்கொண்டது. பம்பு வேலை பார்க்கிற ஜெயசீலன், ஒரு நிமிஷ வேலைதானே என்று மூடியைத் தூக்கிவிட்டு இரும்பு ஏணியில் இறங்கினான். பாதி ஆழத்தில் ஒரு இரும்புத் தட்டு இருக்கும். அதில் கால் வைத்தவன் அப்படியே சுருண்டு விழுந்தான். அழுகிய முட்டை வாடை அடிக்கிற அந்த விஷவாயு ரொம்பப் பொல்லாதது. அதிகமாக இருந்தால் முதலில் மூக்கைத்தான் மரக்கவைக்கும். வாடை போய்விட்டது என்று நினைப்பதற்குள் ஆள் சாய்ந்துவிடுவான்.

சாப்பாட்டு மணி அடித்துப் பெண்கள் திரும்பிப் போய்க்கொண்டிருந்த நேரம். டேனரி பக்கம் கூச்சல் கேட்டது. கலையரசி ஆக்சிஜன் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

தொட்டியைச் சுற்றி ஒரே கூட்டம். டேனரி ஃபோர்மேன் அமீர் பாஷா ஈரத் துண்டை முகத்தில் சுற்றிக்கொண்டு ஏணியில் ஒரு காலை வைத்துவிட்டார். அமீர் பாஷா என்றால் அந்த டேனரியில் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. பலசாலி, நியாயஸ்தர், தன் ஆட்களைத் தன் பிள்ளைகளாகப் பார்ப்பவர். அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

"யாரும் எறங்காதீங்க! பாய், கால மேல எடுங்க!" என்று கத்தினாள் கலையரசி.

அமீர் பாஷா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "என் ஆளு கீழ கெடக்கறான்மா!"

"துண்டு எல்லாம் அதுக்குத் தாங்காது. நீங்க போனா நீங்களும் விழுவீங்க, உங்களத் தூக்க இவங்க எறங்குவாங்க. ஒருத்தருக்கு நாலு உசுரு போவும்." சொல்லிக்கொண்டே அவர் தோளைப் பிடித்தாள்.

அவர் அவள் கையைத் தட்டிவிட்டார். "நீ ஊசி போடற வேலையப் பாரும்மா. வழிய விடு!"

அந்த நேரத்தில்தான் பச்சையப்பன் வந்தார். கூச்சல் கேட்டதுமே ஃபயர் ரூமைத் திறந்து, முதுகில் சிலிண்டரோடு மாட்டிக்கொள்கிற முகமூடி செட்டையும் கயிற்றையும் தூக்கிக்கொண்டு ஓடிவந்திருந்தார். கலையரசி அவரைப் பார்த்தாள்.

"பச்சையப்பன், செட்டு இல்லாம ஒருத்தரும் எறங்கக் கூடாது."

"எஸ் மேடம்!" பச்சையப்பன் நேராகப் போய் ஏணிக்கு மேல் நின்று அமீர் பாஷாவின் கையைப் பிடித்தார். "பாய், மேல வாங்க. மேஜர் மேடம் ஆர்டர்."

"எந்த மேஜரு?"

"எதிர்ல நிக்கறாங்களே, இவங்கதான். இந்திய ராணுவத்துல மேஜர். சொன்னா கேளுங்க பாய்!"

அமீர் பாஷா ஒரு கணம் விழித்தார். அந்த ஒரு கணம் போதுமாக இருந்தது. பச்சையப்பன் அவரை மேலே இழுத்துவிட்டார். அதற்குப் பிறகு கலையரசி சொன்னதெல்லாம் சொன்னபடி நடந்தது. ஒருவன் காற்று ஊதுகிற ப்ளோவரை இழுத்துவந்து குழாயைத் தொட்டிக்குள் விட்டான். ஒருவன் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டான். பச்சையப்பன் செட்டை மாட்டிக்கொண்டு இடுப்பில் கயிற்றோடு இறங்கினார். மேலே கயிற்றின் முனையை அமீர் பாஷாவின் கையில் கொடுத்தாள் கலையரசி. "உங்க பலம் இங்கதான் வேணும் பாய். நான் இழுன்னா இழுங்க."

ஜெயசீலனை மேலே கொண்டுவந்தபோது மூச்சு இல்லை. கலையரசி ஈரத் தரையிலேயே மண்டிபோட்டு நெஞ்சை அழுத்த ஆரம்பித்தாள். முகத்தில் மூடியை வைத்து ரப்பர் பையை அழுத்தி மூச்சு கொடுத்தாள். மறுபடியும் நெஞ்சு, மறுபடியும் மூச்சு. சுற்றி நின்றவர்கள் அவரவர் சாமியைக் கூப்பிட்டார்கள். கடைசியில் அவன் ஒரு முறை விக்கினான். பிறகு இருமினான். அமீர் பாஷா கயிற்றைக் கையிலேயே பிடித்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார்.

வேலூர் ஆஸ்பத்திரியில் சில வாரம் கிடந்து ஜெயசீலன் பிழைத்து எழுந்தான்.

விபத்துக்கு மறுநாள் அமீர் பாஷா கலையரசியின் ரூமுக்கு வந்தார். உள்ளே வராமல் நிலைப்படியிலேயே நின்றார்.

"மேடம், மன்னிச்சிடுங்க. நேத்து உங்க கையத் தட்டிவிட்டுட்டேன். நீங்க மேஜருன்னு தெரிஞ்சிருந்தா செஞ்சிருக்க மாட்டேன்."

மன்னிப்பு கேட்க வந்தவர் சொன்ன அந்த வார்த்தைதான் கலையரசிக்குச் சுருக்கென்று குத்தியது.

"நர்சுன்னு தெரிஞ்சும்தானே தட்டிவிட்டீங்க பாய்? விஷவாயுவப் பத்தி மேஜருக்குத் தெரியறதவிட நர்சுக்குத்தான் ஜாஸ்தி தெரியும்."

அமீர் பாஷா தலை குனிந்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர் அவர். "வாஸ்தவம்தான் மேடம். தப்புதான். ஆனா அந்த நேரத்துல யோசன பண்ண முடியல. யாரு கத்தறாங்கன்னுதான் பார்த்தேன். எங்களுக்கு மாத்திர குடுக்கறவங்கன்னுதான் எனக்குத் தெரிஞ்சிது. பச்சையப்பன் சொன்னதும் வேற ஆளாத் தெரிஞ்சீங்க. அல்லா மேல ஆணையா, நடந்தது இவ்ளோதான்."

அவர் போன பிறகு கலையரசி வெகுநேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். முதலில் வந்தது கோபம். நர்ஸ் சொன்னால் கேட்கக் கூடாதா? பதக்கத்தைத் தொங்கவிட்டுத்தான் ஒரு உயிரைக் காப்பாற்றணுமா? நாளைக்கு இந்த ரூமுக்கு வேறொரு நர்ஸ் வருவாள், அவளிடம் பதக்கம் இருக்காது. அவள் சொல்லுக்கு என்ன மரியாதை?

ஆனால் கலையரசி பழகிய இடம் வேறு. பனிச்சரிவு நடந்த அன்று அவள் வார்டில் நின்று நியாயம் பேசவில்லை. கையில் என்ன இருந்ததோ அதை வைத்து வேலை பார்த்தாள். இங்கேயும் கையில் ஒன்று இருக்கிறது. அதைப் புடவைக்கு அடியில் வைத்துக்கொண்டு, "எவனும் மதிக்கலையே" என்று சொல்வதில் அர்த்தமே இல்லை. நியாயம் பிறகு. ஆள் முதலில். இந்த எண்ணம் வந்ததும் அவள் மனசு தெளிந்துவிட்டது. பார்த்திபன் கேட்ட கேள்விக்கும் அப்போது பதில் கிடைத்தது. ஆமாம், அந்தப் பந்திச் சிரிப்பு மனசில் இருக்கத்தான் செய்தது. ஒரு பந்தியில் சிரித்தவனுக்காகப் பெட்டியை மூடினது நான்தான், திறக்க வேண்டியவளும் நான்தான்.

ஞாயிற்றுக்கிழமை குடியாத்தத்தில் ஃப்ரேம் போடுகிற கடைக்குப் போனாள். கடைக்காரர் பெட்டியைத் திறந்து பார்த்தார். நாடாவோடு இருந்த பதக்கங்களை வரிசையாக வைத்தார். குரலைத் தாழ்த்தி, "அப்பாவுதுங்களா? எப்போ தவறினாரு? ஓரத்துல மாலை டிசைன் வர்ற மாதிரி போட்டுத்தரேன்" என்றார்.

"என்னுதுங்க. நான் நல்லாத்தான் இருக்கேன். மாலை எல்லாம் வேணாம்."

பக்கத்தில் நின்ற பார்த்திபன் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போய்விட்டார். கடைக்காரர் பதறிப்போய் மன்னிப்பு கேட்டார். அந்த வாரத்தில் அவர் போட்டதிலேயே நல்ல ஃப்ரேம் அதுதான். ஒவ்வொரு பதக்கத்துக்குக் கீழேயும் என்ன எழுத வேண்டும் என்று கலையரசியே எழுதிக் கொடுத்தாள். 'உயரமான பனிமலையில் பணி செய்ததற்கு.' 'காங்கோ நாட்டில் ஐ.நா. படையோடு.' 'பனிச்சரிவில் அடிபட்ட வீரர்களைப் பார்த்துக்கொண்டதற்குத் தளபதியின் பாராட்டு.' எல்லாவற்றுக்கும் மேலே, 'மேஜர் கலையரசி, நர்ஸ்.' நர்ஸ் என்ற வார்த்தையையும் மேஜர் என்ற வார்த்தை அளவுக்கே பெரிதாகப் போடச் சொன்னாள்.

திங்கட்கிழமை அதைத் தூக்கிக்கொண்டு சமீருல்லாவின் ரூமுக்குப் போனாள். அவர் எழுந்து நின்றே பார்த்தார்.

"ரிசப்ஷனுக்கா மேடம்?"

"இல்ல சார். என் ரூம்ல மாட்டப்போறேன். ஆனா அதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் கேக்கணும்."

"சொல்லுங்க."

"தொட்டி மூடிக்குப் பூட்டு போட்டுச் சாவி செக்யூரிட்டிகிட்ட இருக்கணும். அப்புறம், ஆபத்துன்னு பார்த்து நிறுத்துன்னு ஒருத்தர் சொன்னா வேலை நிக்கணும். அது நானா இருந்தாலும் சரி, கக்கூஸ் கழுவறவங்களா இருந்தாலும் சரி. ஏன் நிறுத்தினேன்னு அப்புறம் பேசிக்கலாம். நிறுத்தினதுக்காக யாருக்கும் மெமோ குடுக்கக் கூடாது. அத எல்லா செக்ஷன்லயும் நீங்களே வந்து சொல்லணும் சார்."

"ப்ரொடக்ஷன் அடிபடுமே மேடம்."

"ஜெயசீலனுக்கு ஏதாச்சும் ஆகியிருந்தா எவ்ளோ அடிபட்டிருக்கும்?"

சமீருல்லா ஃப்ரேமை இன்னொரு முறை பார்த்தார். பூட்டு அன்றே வந்தது. அந்த வாரத்திலேயே டேனரியில் ஆரம்பித்து பேக்கிங் வரைக்கும் ஒவ்வொரு செக்ஷனாக அவர் நின்று பேசினார். பேச்சு கொஞ்சம் நீளம்தான், ஆனால் சொன்னார்.

ஃப்ரேமைக் கலையரசி தன் நாற்காலிக்குப் பின்னால், உள்ளே வருகிறவர்கள் கண்ணுக்கு நேராக மாட்டினாள். தப்பு அங்கேதான் நடந்தது.

ஸ்டிச்சிங்கில் கமலம் என்று ஒருத்தி. கலகலப்பானவள். ரூமுக்கு வந்தால் கட்டிலில் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு, "அக்கா, ஒரு மாத்திர குடு, அப்படியே ஒரு பத்து நிமிஷம் தூங்க உடு" என்பாள். அன்று வந்தவள் நிலைப்படியில் நின்று ஃப்ரேமைப் பார்த்தாள். பின்னலைச் சரி செய்துகொண்டாள்.

"வணக்கம் மேடம்."

"இன்னாடி மேடம்? ஒக்காரு."

நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். "லேசா தலவலி மேடம். மாத்திர இருந்தா போதும்." வாங்கிக்கொண்டு உடனே எழுந்து போய்விட்டாள். முகம் வெளுத்திருந்தது. அந்த வாரம் வந்த எல்லாருக்குமே தலைவலிதான் இருந்தது. யாருக்கும் வேறெதுவும் இல்லை.

கலையரசி பார்த்திபனிடம் அன்றைக்குச் சொன்னது அப்படியே நடந்துவிட்டது. ஆனால் அதற்காக ஃப்ரேமைத் திரும்பப் பீரோவுக்குக் கொண்டுபோகவும் அவளுக்கு மனசில்லை. அது வேண்டும், அதில் சந்தேகமே இல்லை. இருக்கிற இடம்தான் சரியில்லை. ரூமுக்கு வெளியே வந்து நின்று பார்த்தாள். கதவுக்குப் பக்கத்தில் வராந்தாச் சுவர் வெறுமையாக இருந்தது. ஷூவை அச்சில் ஏற்றுகிற லாஸ்டிங் செக்ஷனுக்குப் போகிறவன், கேண்டீனுக்குப் போகிறவன், டேனரியில் இருந்து கையெழுத்து வாங்க வருகிறவன், எல்லாரும் அதைத் தாண்டித்தான் போகணும். பச்சையப்பனைக் கூப்பிட்டாள்.

"இத இங்க மாத்தி மாட்டணும். உள்ள வேணாம்."

"ஏன் மேடம்? உள்ளதானே சேஃப்டி?"

"கட்டளை போடறது எல்லாம் வெளியதான் பச்சையப்பன். உள்ள காது மட்டும் போதும்."

அவர் ஆணியைப் பிடுங்கி வெளியே அடித்தார். உள்ளே அந்த இடத்தில் பெரிய பூப்போட்ட ஒரு காலண்டரை மாட்டினாள் கலையரசி. பிறகு அவளே ஸ்டிச்சிங் லைனுக்குப் போய், கமலத்தின் மிஷினுக்குப் பக்கத்தில் நின்றாள்.

"தலவலி போச்சா?"

"போச்சு மேடம்."

"இன்னொரு தடவை மேடம்னு சொன்ன, ஊசி போட்டுடுவேன். சாயந்தரம் பஸ் வர்றதுக்கு முன்னாடி வந்துட்டுப் போ. மிலிட்டரிய வெளிய அனுப்பிட்டேன்."

கமலம் சிரித்துவிட்டாள். சாயங்காலம் வந்தாள். கட்டிலில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் காலண்டரைப் பார்த்தாள். பிறகு, மாதக்கணக்கில் உதிரப்போக்கு நிற்காமல் இருப்பதையும், வீட்டில் யாரிடமும் சொல்லாததையும், ஏதாவது பெரிய வியாதியாக இருக்குமோ என்ற பயத்தையும் சொல்லி முடித்தாள். கலையரசி அவளைத் தானே அழைத்துக்கொண்டு வேலூர் போனாள். கர்ப்பப்பையில் கட்டி, பயப்படுகிற மாதிரி இல்லை என்றார்கள். ஆபரேஷன் ஆகி, ஓய்வெடுத்து, கமலம் மறுபடியும் மிஷினில் வந்து உட்கார்ந்தாள். பழையபடியே கட்டிலில் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டுதான் மாத்திரை கேட்கிறாள்.

வெளியே இருக்கிற ஃப்ரேமும் தன் வேலையைப் பார்த்தது. போகிற வருகிறவர்கள் நின்று படித்தார்கள். லாஸ்டிங்கில் ஹேமந்த் என்ற இளைஞன் மேஜர் என்றால் இன்ஸ்பெக்டரைவிடப் பெரியதா என்று பச்சையப்பனிடம் கேட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான். பச்சையப்பனே தன் பதக்கங்களின் வண்ண நாடாப் பட்டையைத் தேடி எடுத்து யூனிஃபார்ம் சட்டைப் பைக்கு மேலே குத்திக்கொண்டு வர ஆரம்பித்தார். "மேடம் வெச்சாங்க, நானும் வெச்சேன்" என்றார் கேட்டவர்களிடம். சொல்லும்போது மீசை தானாக மேலே போகும். கலையரசி சொல்லியும் இரும்புத் துண்டு பறக்கிற மிஷினில் கண்ணாடி போடாதவர்கள், இப்போது அவள் வராந்தாவில் வருவதைப் பார்த்தாலே எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். அது அவளுக்கு லேசாக எரிச்சல்தான். இருந்தாலும் கண் இருந்தால் சரி என்று விட்டுவிட்டாள்.

அவள் உண்மையாகவே மகிழ்ந்த நாள் தை மாதத்தில் வந்தது. டேனரியில் தோலைப் போட்டுச் சுற்றவிடுகிற பெரிய டிரம் ஒன்று பழுதாகி, அமீர் பாஷா ஆட்களோடு அதைச் சரி செய்துகொண்டிருந்தார். பாரதி அந்தப் பக்கம் பெருக்கிக்கொண்டிருந்தாள். கம்பெனியில் சேர்ந்து ஒரு மாசம்கூட ஆகாத துப்புரவுப் பெண். டிரம்முக்குள் ஒருவன் குனிந்திருக்க, மெயின் ஸ்விட்ச் பக்கம் யாரோ கை வைப்பதைப் பார்த்துவிட்டாள். விளக்குமாற்றைத் தூக்கிப் பிடித்து, "நிறுத்து! நிறுத்து!" என்று கத்தினாள்.

எல்லாரும் அமீர் பாஷாவைப் பார்த்தார்கள். அவர் விளக்குமாற்றைப் பார்த்தார். யார் நீ என்று கேட்கவில்லை.

"எல்லாரும் கைய எடுங்கடா!" என்றார்.

வேலை நின்றது. ஸ்விட்சில் கை வைத்தவன் வேறு மிஷினுக்குப் போடுவதாக நினைத்துத் தப்பான ஸ்விட்சைப் போடப் போயிருந்தான். இன்னும் ஒரு நொடி போயிருந்தால் டிரம் சுற்றியிருக்கும்.

அமீர் பாஷா பாரதியைக் கூட்டிக்கொண்டு கலையரசியின் ரூமுக்கே வந்துவிட்டார். அந்தப் பெண் ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்று அழாக்குறையாக நின்றாள். கையில் இன்னும் விளக்குமாறு இருந்தது.

"மேடம், இந்தப் பொண்ணு நிறுத்துன்னுச்சு. நிறுத்திட்டேன்," என்றார் அமீர் பாஷா. பரீட்சையில் பாஸாகிவிட்டுச் சொல்கிறவர் முகம் அவருக்கு.

கலையரசி நாற்காலியில் இருந்து எழுந்தாள். நேராக நின்று பாரதிக்கு ஒரு சல்யூட் வைத்தாள். ராணுவத்தில் வைத்த மாதிரியே, முழுசாக.

பாரதிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. விளக்குமாற்றை இடது கைக்கு மாற்றிக்கொண்டு அவளும் திருப்பி வைத்தாள்.